சொல்லாமலும் வைத்தியம் பார்க்கலாம்: எங்கள் கிளினிக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, பின்னேரங்களில் மட்டும் திறக்கிற சின்னக் கிளினிக் எங்களுடையது. டொக்டர் நான் ஒருத்தி, ஒரு நேர்ஸ், நம்பர் கொடுக்கிற தங்கச்சி ஒருவர். காய்ச்சல், பிரஷர், சீனி, முதுகு நோ, பிள்ளைகளின் சளி என்று எந்த வருத்தத்துக்கும் சனம் முதலில் வருகிற இடம். இங்கே வருகிறவர்களில், போர் முடிந்த 2009க்கு முன் பிறந்த அநேகமானோர் செல்லடியையோ இடம்பெயர்வையோ முகாமையோ கடந்து வந்தவர்கள். கரையோரத்தார் சிலருக்கு 2004 டிசம்பர் 26 சுனாமிக் கடலும் சேர்த்தி. அதைப் பார்க்காமல் பிரஷரை மட்டும் பார்க்கப் போனால் பிரஷரும் சரிவராது. இதை நான் படித்தது பல்கலைக்கழகத்தில் இல்லை, இந்த அறைக்குள்தான். வாசலிலும் போனிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

“மனவடு பார்க்கிற கிளினிக்” எண்டு சனம் கதைக்குது. இது கவுன்சிலிங் செய்யிற இடமோ?

இல்லை. சாதாரண குடும்ப வைத்தியம்தான். காய்ச்சலுக்கு வந்தால் காய்ச்சலைப் பார்ப்போம். “உங்கட பழைய கதையைச் சொல்லுங்கோ” என்று ஒருவரையும் இருத்தி வைக்கமாட்டோம். எங்களிடம் மாறியிருப்பது வேறு விஷயங்கள்: கதிரை எந்தப் பக்கம் பார்க்கிறது, நேர்ஸ் எப்படிக் கூப்பிடுகிறார், பிரஷர் பட்டியைக் கையில் சுற்ற முன்னம் என்ன சொல்கிறோம், கொப்பியில் எதை எழுதுகிறோம்.

கதிரையையே எடுங்கள். முன்பு நோயாளியின் கதிரை கதவுக்கு முதுகு காட்டிக் கிடந்தது. ஒரு ஐயா ஒவ்வொரு முறையும் உள்ளே வந்தவுடன் அதைத் தூக்கிச் சுவரோடு போட்டுவிட்டுத்தான் இருப்பார். போகும்போது பழைய இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுப் போவார். நாலைந்து மாதம் இதைப் பார்த்தபிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இப்போது கதிரை சுவரோடுதான் இருக்கிறது. இருக்கிற ஆளுக்குக் கதவும் தெரியும், யன்னலும் தெரியும். ஐயா ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எனக்கு நடந்ததை எல்லாம் டொக்டருக்குச் சொல்லவேணுமோ?

வேண்டாம். சொல்ல விருப்பமென்றால் கேட்பேன். வைத்தியத்துக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு நுனிதான். “மல்லாக்கப் படுத்தால் மூச்சடைக்கும்”, “கழுத்தில கை வைக்க வேண்டாம்”, “லைட்டை நூக்க வேண்டாம்” என்றால் எனக்குப் போதும். காரணம் கேட்கமாட்டேன்.

இதில் நான் கொஞ்சம் பிடிவாதம். எங்கள் சனம் ஏற்கெனவே எத்தனை பேருக்குக் கதை சொல்லிவிட்டது. 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் காணாமற்போனோர் ஆணைக்குழு, 2018இல் காணாமற்போனோர் அலுவலகம், இடையிடையே வீட்டுத்திட்டப் பட்டியல், தொண்டு நிறுவனங்கள், ஆய்வு செய்ய வந்த மாணவர்கள். ஒவ்வொரு முறையும் ஆதியிலிருந்து தொடங்க வேண்டும். “சொல்லிச் சொல்லி என்ர பிள்ளையின்ர முகம் இப்ப கடுதாசி மாதிரித்தான் கண்ணுக்குள்ள வருது” என்று ஒரு அம்மா சொன்னார். பனடோல் வாங்குவதற்கும் அவர் அதையே சொல்லவேண்டி வந்தால் அது வைத்தியமா?

உடம்புக்குள்ள செல் துண்டு இருக்கு. எப்பிடி வந்தது எண்டு சொல்லப் பயமா இருக்கு.

எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். எப்படி, எந்த ஆண்டு, எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பது எனக்குத் தேவையில்லை. இடத்தை மறைக்கவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்பதற்குக் காரணம் எம்.ஆர்.ஐ. ஸ்கான். அது பெரிய காந்தம். உள்ளே கிடக்கிற துண்டு இரும்பென்றால் அசையலாம், சூடாகலாம். கண்ணுக்குள், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக்குழாய்க்கு அருகில் இருந்தால் அது பெரிய ஆபத்து. ஸ்கானுக்கு அனுப்பினால் அங்கே படம் எடுப்பவரிடமும் “உடம்புக்குள்ள உலோகத் துண்டு இருக்கு” என்ற ஒரு வசனத்தைச் சொல்லிவிடுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள். சி.டி. ஸ்கானில் காந்தம் இல்லை, அதற்கு இந்தப் பயம் வேண்டாம்.

பல வருஷம் பேசாமல் கிடந்த துண்டைத் தோண்டி எடுக்கத்தான் வேண்டும் என்றில்லை. ஆனால் மூட்டுக்குள் ஈயச்சன்னம் நின்றால் விஷயம் வேறு. மூட்டுத் தண்ணியில் ஈயம் மெல்ல மெல்லக் கரைந்து இரத்தத்துக்குள் போகக்கூடும். முழங்கால், தோள்மூட்டு, இடுப்பு மூட்டில் சன்னம் இருப்பவர்கள் ஒருக்கால் வந்து காட்டுங்கள்.

பதிவுக் கார்ட்டில “திருமணமானவர் / விதவை” எண்ட பெட்டி ஏன் இல்லை?

இருந்தது. ஒருநாள் நம்பர் கொடுக்கிற தங்கச்சி, வந்த அம்மாவிடம் சனத்துக்கு முன்னால் “விதவையோ?” என்று கேட்டுவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, பெட்டியை நிரப்பவேண்டும் அல்லவா. அந்த அம்மா பொட்டோடு நின்றார். கணவர் 2009 மேயில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர். பதில் சொல்லாமல் நம்பர் துண்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு அவர் எங்களிடம் வரவேயில்லை.

அரசாங்கத்துக்கே அந்தப் பெட்டி பிழை என்று விளங்க 2016 ஆனது. இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான், செத்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமல், ஆளைக் காணவில்லை என்பதற்கு மட்டும் ஒரு சான்றிதழ் எடுக்க வழி வந்தது. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமற்போன பிள்ளைகளைத் தேடி அம்மாமார் தொடங்கிய போராட்டம் எதற்காக என்பது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாததல்ல. அவர்களில் எத்தனையோ பேருக்குப் பிரஷரும் சீனியும் இருக்கிறது. இப்போது எங்கள் கார்ட்டில் “வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?” என்று மட்டும் இருக்கிறது. மருந்து எடுத்துக் கொடுக்க ஆள் உண்டா என்று அறிய எனக்கு அது காணும்.

இன்னொன்று. கவுண்டரில் “என்ன வருத்தம்?” என்று இனிக் கேட்கமாட்டார்கள். நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

மருந்தை ஒழுங்காப் போடேல்லை. வந்தால் ஏசுவீங்களோ?

ஏசமாட்டேன். இது நல்ல குணத்தால் வந்ததில்லை, பயத்தால் வந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

சீனி வருத்தத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு அக்கா. ஒவ்வொரு மாதமும் சீனி ஏறியே இருக்கும். “குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?” என்பேன். “ஓம் டொக்டர்” என்பார். நானும் அளவைக் கூட்டினேன். அடுத்த மாதமும் ஏறித்தான் இருந்தது. திரும்பவும் கூட்டினேன், கூடவே சோற்றைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமும் வைத்தேன். பிறகு காலில் புண் வந்து அவரை வார்ட்டில் மறித்தார்கள். வார்ட் நேர்ஸ் கொப்பியில் நான் எழுதியிருந்த அத்தனை குளிசையையும் நேரத்துக்கு நேரம் கொடுத்தார். அடுத்தநாள் விடிய அக்காவுக்கு நினைவு தப்பிவிட்டது. சீனி 40க்குக் கிட்ட இறங்கியிருந்தது. வீட்டில் அவர் போட்டது நான் எழுதியதில் பாதிகூட இல்லை. எனக்குப் பொய் சொன்னதற்குக் காரணம், முதல்முறை உண்மை சொன்னபோது வேறொரு இடத்தில் வரிசைக்கு முன்னால் வைத்து “சாகப்போறியோ?” என்று ஏச்சு வாங்கியிருந்தார்.

ஆக அந்த ஏச்சும் என் பிரசங்கமும் சேர்ந்துதான் அவரை விழுத்தின. இப்போது நான் கேட்கும் விதம் வேறு: “போன கிழமை ஏழு நாளில எத்தினை நாள் தவறினது?” தவறாத மனிதர் இல்லை என்று வைத்தே கேட்கிறேன். “மூண்டு நாள்” என்று பதில் வந்தால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் அளவைக் கூட்டத் தேவையில்லை. அதற்குப் பிறகுதான் விஷயம் வரும். காலமை வெறும் வயிற்றோடு கச்சான் பிடுங்கப் போகிறவருக்குக் குளிசை போட்டால் தலை சுற்றும், அதனால் விடுகிறார். வெள்ளிக்கிழமை விரதம் என்று விடுகிறார். பஸ் காசில்லாமல் கிளினிக் தவறி மருந்து முடிந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வழி இருக்கிறது. நேரத்தை மாற்றலாம், விரத நாளுக்கு வேறு அளவு எழுதலாம், இரண்டு மாத மருந்தாக எழுதலாம். உண்மை தெரிந்தால்தானே.

அப்ப டொக்டர் கோபமே படுறேல்லையோ?

படுவேன். முப்பதாவது நம்பர் வரும்போது எனக்கும் பசிக்கும். குரல் ஏறினால் நேர்ஸ் வந்து மேசையில் தண்ணிப் போத்தலை வைப்பார். அது எங்களுக்குள் இருக்கிற சைகை.

குடிக்கிறன். உண்மையைச் சொல்லட்டோ?

சொல்லுங்கள். எவ்வளவு என்று அளவோடு சொல்லுங்கள். காலா, அரையா, முழுப் போத்தலா, சாராயமா, கசிப்பா, கள்ளா. எனக்குக் கணக்கு வேண்டும். கணக்கில்லாமல் “குடியை விடுங்கோ” என்று சொல்வது ஆபத்து. நாளாந்தம் நிறையக் குடிக்கிற ஆள் வீட்டுக்காரரின் அழுகைக்கோ மாலை போடுவதற்கோ ஒரே நாளில் நிறுத்தினால், முதல் நாளே கை நடுங்கி வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் இல்லாததெல்லாம் தெரிந்து ஆள் குழம்பிப்போகலாம், உயிர்கூடப் போகலாம். ஊரில் இதைப் பேய் என்பார்கள், “குடியை விட்டதால சாமி சோதிக்குது” என்பார்கள். அது மூளை சாராயத்துக்குப் பழகிப்போனதன் விளைவு. ஆஸ்பத்திரியில் வைத்து மருந்தோடும் விற்றமின் பி1 ஊசியோடும் நிறுத்தலாம்.

ஏன் குடிக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. “இரவில எத்தினை மணிக்கு முழிப்பு வரும்?” என்று கேட்பேன். அந்தப் பதிலிலேயே ஏனென்பது பாதிக்கு மேல் வந்துவிடும்.

நிறை பார்க்க விருப்பமில்லை.

பார்க்கவேண்டாம். பிள்ளைக்கு மருந்தளவு கணிக்கவும், இருதயக்காரருக்கு உடம்பில் நீர் சேர்கிறதா என்று அறியவும் நிறை வேண்டும். மற்றபடி தடிமலுக்கு வந்தவரைத் தராசில் ஏற்றுவது வெறும் பழக்கதோஷம். தராசைத் திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். முள்ளைப் பார்க்காமல் திரும்பி நிற்கலாம், இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டோம்.

1980களில் அமெரிக்காவில் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற வைத்தியர் பருமன் குறைக்கிற கிளினிக் நடத்தினார். நன்றாக நிறை குறைந்துவந்த ஆட்களே இடையில் நின்றுபோனது அவருக்கு விளங்கவில்லை. விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள், பருமன் அவர்களுக்கு ஒரு வேலி மாதிரி இருந்திருக்கிறது என்று தெரிந்தது. அங்கே தொடங்கி, றொபேட் அண்டாவுடன் சேர்ந்து அவர் செய்த பெரிய ஆய்வு 1998இல் வந்தது. சிறுவயதுத் துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூட, பெரியவரான பிறகு இருதய நோய், குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் கூடுகின்றன என்று அது காட்டியது. “இதெல்லாம் இரக்கமா, விஞ்ஞானமா?” என்று கேட்கிற தம்பிமாருக்கும் இதுதான் பதில்.

தொட்டுச் சோதிக்கிறது எண்டால் உடம்பு விறைக்குது. என்ன செய்யிறது?

சொல்லிவிட்டுத்தான் தொடுவோம். “இப்ப இந்தக் கையில பட்டி சுத்தப்போறன், ஒரு நிமிஷம் இறுக்கும், வேண்டாம் எண்டால் உடன கழட்டுவன்.” ஒரு காலம் கை கட்டப்பட்டிருந்தவருக்கு அந்த இறுக்கம் வேறு ஒன்றாகிவிடும். அப்போது வருகிற பிரஷர் அவருடைய உண்மையான பிரஷர் இல்லை. அதை நம்பிக் குளிசை எழுதினால் பிழையாகிப்போகும். சிலருக்கு வீட்டில் பார்க்கிற மெசினைக் கொடுத்து அனுப்பி, ஒரு கிழமை எழுதிவரச் சொல்வேன்.

நானும் பிழை விட்டிருக்கிறேன். ஒரு தம்பிக்கு நெஞ்சுச் சளி. மூச்சைக் கேட்க முதுகுப் பக்கம் போய், சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். குளிர்ந்த இரும்பு. தம்பி எழும்பின வேகத்தில் மேசை பிரண்டுவிட்டது. அவர்தான் என்னிடம் பத்துத்தரம் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து பின்னால் நிற்கிற சோதனை எதுவென்றாலும் முதலில் முன்னால் நின்று காட்டுவேன், உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வைப்பேன்.

பெண்களுக்கான உட்சோதனை பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவின் வெல் வுமன் கிளினிக்கில் 35, 45 வயதுகளில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை இலவசமாகச் செய்கிறார்கள். அதற்குப் போகச் சொல்லி எழுதித்தந்தாலும் பலர் போவதில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிலருக்கு அது வெட்கமில்லை. எங்களிடம் செய்வதானால் கதவு உள்ளே கொழுவியிருக்கும், திரை இழுத்திருக்கும், மேலே துணி போர்த்தியிருக்கும், கூட நிற்க நீங்கள் விரும்புகிற ஆள் நிற்கலாம். கருவியை முதலில் கையில் தந்து காட்டுவேன். விரும்பினால் நீங்களே உள்ளே வைக்கலாம், அது ஒன்றும் புதுமையில்லை. கையைத் தூக்கினால் அந்த இடத்திலேயே நிற்பாட்டுவேன், “இன்னும் கொஞ்சம்தான்” என்று சொல்லமாட்டேன். மூன்று தரம் வந்து நாலாவது தரம்தான் ஏலுமாக இருந்தால் நாலாவது தரம் செய்வோம்.

ஆம்பிளையளுக்கும் இதெல்லாம் பொருந்துமோ?

பொருந்தும். ஆண்கள்தான் கடைசியாக வருவார்கள். வந்தாலும் “முதுகு நோ” என்றுதான் தொடங்குவார்கள். தடுப்புக்காவலில் இருந்தபோது நடந்தவை, வீட்டில் மனைவிக்குக்கூடச் சொல்லாதவை, உடம்புறவில் வந்த குறைபாடு எதுவானாலும் இங்கே சொல்லலாம். பெண் டொக்டரிடம் கதைக்க ஏலாது என்றால் கவுண்டரில் “ஆம்பிளை டொக்டர் வேணும்” என்று மட்டும் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கடிதம் தருவேன். நான் குறைநினைக்கமாட்டேன்.

நான் சொல்லுறது கொப்பியில வருமோ? ஆருக்கும் சொல்லுவீங்களோ?

கிளினிக் கொப்பி நீங்கள் கொண்டுபோகிற சாமான். வீட்டில் மாமி வாசிப்பார், மகள் வாசிப்பார், வார்ட்டில் பக்கத்துக் கட்டிலும் வாசிக்கும். அதனால் எழுதமுன்னம் உங்களிடம் வாசித்துக்காட்டுவேன். மருந்து, அளவு, ஒவ்வாமை இவை கட்டாயம் எழுதவேண்டியவை. மற்றவை என் அலுமாரியில் இருக்கிற கார்ட்டில் மட்டும் இருக்கும். அலுமாரித் திறப்பு என்னிடமும் நேர்ஸிடமும்தான். கிராம சேவகர் கேட்டாலும், சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்துக் கேட்டாலும், சீருடையோடு யாரும் வந்து வாசலில் நின்று கேட்டாலும் “நோயாளியைக் கேளுங்கோ” என்பதுதான் பதில்.

எல்லையையும் மறைக்காமல் சொல்கிறேன். நீதிமன்றம் கட்டளையிட்டால் நான் பதில் சொல்லவேண்டி வரும். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் பேசாமல் இருக்கமாட்டேன். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்தென்றாலும் அப்படித்தான். அந்த நேரத்திலும் யாருக்கு, என்ன சொல்லப்போகிறேன் என்பதை முதலில் உங்களுக்குச் சொல்வேன். சட்டத்தில் மாட்டக்கூடிய விஷயம் என்று நினைத்தால், சொல்ல முன்னம் “இதைச் சொன்னால் என்ன நடக்கும்?” என்று என்னையே கேளுங்கள்.

வீட்டில அடி. அவர் கூடவே வருவார், எப்பிடிச் சொல்லுறது?

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. யார் வந்தாலும், கூட வந்தவர் புருஷனோ தாயோ மகனோ, பிரஷர் பார்க்கிற ஐந்து நிமிஷம் நோயாளி தனியாகத்தான் திரைக்குள் வருவார். எல்லோருக்கும் அப்படி என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. அந்த ஐந்து நிமிஷம் உங்களுடையது.

வீட்டைவிட்டு வெளியேறுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வெளியேறுகிற நேரம்தான் பலருக்கு மிக ஆபத்தான நேரம், அதை நீங்கள்தான் கணக்குப் பார்க்கவேண்டும். இருக்கிற வழிகளைச் சொல்வேன். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், 12 மாதம் வரைக்கும் கிடைக்கும். பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் “நட்பு நிலையம்” என்று பெண்களுக்கென ஒரு அறை இருக்கிறது. 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், 1929 பிள்ளைகளுக்கானது. இவற்றைத் துண்டில் எழுதித்தரமாட்டேன், துண்டு அகப்படும். 1938ஐ வேறு ஏதாவது பேரில் போனில் போட்டு வையுங்கள். காயத்தை மட்டும் காட்டிவிட்டு, “விழுந்திட்டன்” என்று சொல்லிவிட்டுப் போனாலும் பரவாயில்லை. காயம் எங்கே, எவ்வளவு நீளம் என்று என் கார்ட்டில் திகதியோடு எழுதி வைத்திருப்பேன். என்றைக்காவது தேவைப்பட்டால் இருக்கும்.

செத்துப்போனால் நல்லம் எண்டு இருக்கு. சொன்னால் பொலிஸ் வருமோ?

வராது. இலங்கையில் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. எங்கள் ஆட்களில் பலர் இன்னும் குற்றம் என்றே நினைத்து, மருந்து குடித்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சுணங்குகிறார்கள். சுணங்கவேண்டாம்.

நான் நேரேயே கேட்பேன்: “சாகவேணும் எண்டு யோசிச்சிருக்கிறீங்களோ? எப்பிடி எண்டும் யோசிச்சீங்களோ?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஓம் என்றால், வீட்டில் வயலுக்கு அடிக்கிற மருந்தும் இருக்கிற குளிசையும் எங்கே கிடக்கின்றன என்று கேட்பேன். அவற்றை இரண்டு கிழமைக்கு அயல்வீட்டில் வைக்கச் சொல்வேன். சின்ன வேலைதான், ஆனால் இந்த எண்ணம் வந்து போகிற சாமான். வருகிற நேரத்தில் கைக்கெட்டிய தூரத்தில் போத்தல் இல்லாவிட்டால் ஆள் தப்பிவிடும். இரவில் என்றால் 1926க்கு அடியுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணிநேரமும் ஆள் இருப்பார்கள்.

சோதினை எல்லாம் சரி எண்டு வந்திட்டுது. ஆனா நெஞ்சுக்குள்ள அடைக்குது, பெருமூச்சு வருது. நடிக்கிறன் எண்டு நினைக்கிறீங்களோ?

நினைக்கவில்லை. ஈசீஜியும் இரத்தச் சோதனையும் “இருதயத்தில் அடைப்பில்லை” என்று சொல்கின்றன, “நோ இல்லை” என்று சொல்வதில்லை. பெருமூச்சு, நெஞ்சு எரிவு, உடம்பு உளைவு, கால் விறைப்பு இவையெல்லாம் எங்கள் சனம் துயரத்தைச் சொல்கிற வழி. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலைசெய்த மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் இதைப் பல காலமாக எழுதி வருகிறார்கள். ஆபத்துக்குத் தயாராக நின்று பழகிய உடம்பு, ஆபத்து போனபிறகும் இறங்கி இருக்காது. இருதயம் அடிக்கும், தசை இறுகியே இருக்கும். “ஒண்டுமில்லை, போங்கோ” என்று அனுப்பினால் அடுத்த டொக்டரிடம் போய் இன்னொரு ஸ்கான் எடுப்பீர்கள், காசுதான் கரையும். நான் திகதி போட்டுத் திரும்ப வரச் சொல்வேன். மே மாதம் பிறக்கும்போதும், சூரன்போருக்கு வெடி கொளுத்தும்போதும் கூடுகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முன்கூட்டியே ஏதாவது செய்யலாம். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்து மனம் ஆறுகிறதென்றால் வையுங்கள், குளிசையை நிறுத்தாமல் வையுங்கள்.

நித்திரைக் குளிசை மட்டும் தாங்கோ, போதும்.

கொஞ்ச நாளுக்குத் தருவேன். இரண்டு கிழமை, கூடிப்போனால் நாலு. டயசிபாம் போன்றவை அதற்கு மேல் போனால் உடம்பு பழகி, இரண்டு குளிசை கேட்கும். ஏற்கெனவே வருஷக்கணக்காகப் போடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டு இன்றைக்கே நிற்பாட்டவேண்டாம், அதுவும் வலிப்பைக் கொண்டுவரும். கால் கால் குளிசையாக இறக்கலாம், வாருங்கள்.

மனநலப் பிரிவுக்குக் கடிதம் தந்தால் “விசர்” எண்டு சொல்லுவினம்.

சொல்வார்கள், பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் கெட்ட கனவு ஒவ்வொரு இரவும் எழுப்பினால், ஆட்களோடு இருக்க ஏலாமல் போனால், பிள்ளைகள் உங்களைக் கண்டு ஒதுங்கினால் எனக்குத் தெரிந்த வைத்தியம் காணாது. கடிதத்தில் என்ன எழுதுகிறேன் என்று காட்டுவேன். முன்னமே உங்களிடம் கேட்டு, கதையின் சுருக்கத்தையும் அதிலேயே எழுதிவிட்டால் அங்கே போய் நீங்கள் ஆதியிலிருந்து தொடங்கவேண்டியதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ் தெரியாத டொக்டர் இருந்தால், பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். தாய்க்கு நடந்ததைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்லவேண்டி வரும். தமிழ் தெரிந்த நேர்ஸைக் கேளுங்கள்.

நம்பர் எப்பிடி எடுக்கிறது?

பின்னேரம் மூன்றரைக்கு முன்வாசலில் கொடுப்பார்கள். செவ்வாயும் வியாழனும் சனம் குறைவு. கூட்டத்தில் இருக்க ஏலாதவர்கள் தங்கச்சியிடம் சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் இருக்கலாம், உங்கள் முறை வரும்போது அவரே வந்து கூப்பிடுவார். காசு இல்லாவிட்டால் பிறகு தரலாம், கார்ட்டில் கடன் என்று எழுதமாட்டோம். ஏழரைக்கு முன்பக்க இரும்புக் கதவை இழுத்து இறக்குவோம். பெரிய சத்தம் வரும், எண்ணெய் விட்டும் குறையவில்லை. இறக்க முன்னம் நேர்ஸ் உள்ளே வந்து சொல்லிவிட்டுத்தான் இறக்குவார்.